பீரோவில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துத் துணியைக் குறைக்கும் வழி

பீரோவை ஒழிக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலர் செய்கிற முதல் வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்கிற துணி அத்தனையையும் இழுத்துக் கட்டில்மேல் கொட்டுவது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கை ஓய்ந்துவிடும். ராத்திரி படுக்க இடம் வேண்டுமே என்று கொட்டியதையெல்லாம் அள்ளித் திரும்பவும் உள்ளே திணிப்பார்கள். மறுநாள் பீரோ முன்னைவிட மோசமாக இருக்கும்.

கொட்டுவதற்கு முன்னால், பீரோ எதனால் திணறுகிறது என்று பார்க்க வேண்டும். துணி அதிகம் என்பது ஒரு காரணம்தான். தைக்கக் கொடுக்காத ரவிக்கை, காயாமல் உள்ளே போன துண்டு, இரண்டு வரிசையாக அடுக்கியதால் கண்ணில் படாமல் போன பின்வரிசை, யாருக்கோ கொடுக்கக் கட்டிவைத்து ஆறு மாதமாக அங்கேயே இருக்கும் பை என்று ஒவ்வொரு வீட்டிலும் காரணம் வேறு. அதற்குத் தக்கபடி வைத்தியமும் வேறு. உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள்.

கையோடு வைத்துக்கொள்ள வேண்டியவை: அளவு நாடா, மூன்று பெரிய கட்டைப் பை, மார்க்கர் பேனா, பழைய வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்று, ஊசி, நூல், பட்டன் டப்பா. ஒரு தட்டுக்கு 40 நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். அதற்குமேல் போனால் முடிவெடுக்கும் திறன் குறைந்து எல்லாமே ‘இருக்கட்டும்’ பக்கம் சேர்ந்துவிடும்.

அறிகுறி: கதவைத் திறந்ததும் துணி சரிந்து விழுகிறது

முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான இரண்டு கதவு இரும்பு பீரோ ஏறக்குறைய ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் இருக்கும். உள்ளே நான்கு தட்டு போட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே 15 அங்குலம் கிடைக்கும். ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாக்கில் நான்கு முறை இரண்டிரண்டாக மடித்தால் பதின்மூன்றரை அங்குலம் வரும். 46 அங்குல அகலத்தை நான்காக மடித்தால் பதினொன்றரை அங்குலம். ஆக, மூன்று அடி அகலத்தில் மூன்று அடுக்கு நெருங்கி நிற்கும். மேலே கை நுழைய மூன்று அங்குலம் விட்டுவிட்டு அடுக்கினால் ஓர் அடுக்குக்குப் பத்துப் பன்னிரண்டு பருத்திப் புடவை. ஒரு தட்டின் உண்மையான கொள்ளளவு 30 முதல் 36 புடவைதான். அதற்குமேல் வைத்தது எதுவானாலும் சரியத்தான் செய்யும்.

கணக்குக்குள் இருந்தும் சரிகிறது என்றால் மடிப்பில் கோளாறு. வெவ்வேறு அளவில் மடித்த துணியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அடுக்கு ஒரு பக்கம் சாயும். 9 அங்குலம் அகலம், 12 அங்குலம் நீளத்தில் ஒரு கெட்டி அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். சட்டை, டி-ஷர்ட், குர்தா எல்லாவற்றையும் அந்த அட்டையை முதுகில் வைத்து மடித்து, அட்டையை உருவிவிடுங்கள். பாலியஸ்டர், ஜார்ஜெட், ஷிஃபான் வழுக்கும். அவற்றைப் பருத்தித் துணிக்கு நடுவே செருகினால் அந்த இடத்தில் அடுக்கு பிளக்கும்; தனி அடுக்காக வையுங்கள், ஆறுக்குமேல் ஏற்ற வேண்டாம்.

அடுக்கு ஒழுங்காக இருந்தும் கதவு சேரவில்லை, கைப்பிடியைத் திருப்பினால் கம்பி மாட்டவில்லை என்றால் துணியின்மேல் பழிபோட வேண்டாம். பீரோவின் ஒரு கால் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த மூலையில் மடித்த ரப்பர் துண்டு ஒன்றை வைத்தால் கதவுகள் நேராகிவிடும்.

அறிகுறி: பீரோ நிறையத் துணி, உடுத்த ஒன்றும் இல்லை

இதுதான் எல்லாவற்றிலும் பொதுவான கோளாறு. இங்கே பீரோவை அடைத்துக்கொண்டிருப்பது ஏதோ ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிற துணிகள். உடுத்தவும் முடியாது, கொடுக்கவும் மனம் வராது.

எடுத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் இந்த வகைகளில் அடங்கும்: ஃபால்ஸ் அடிக்காத புடவை, ரவிக்கைத் துணி வெட்டாத புடவை, கைக்குள் இறுக்கும் ரவிக்கை, உள்பாவாடை நிறம் பொருந்தாத புடவை, ஜிப் போன பேண்ட், பட்டன் விழுந்த சட்டை, துப்பட்டா தொலைந்த சுடிதார், நீளம் குறைக்க வேண்டிய பேண்ட். இவற்றை மட்டும் ஒரு கட்டைப் பையில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதத்தைக் குண்டூசியால் குத்தி, பாக்கி வேலை என்ன என்று எழுதுங்கள். பட்டுப் புடவையாக இருந்தால் குண்டூசி வேண்டாம், துருப் பிடித்துக் கறை விழும். காகிதத்தை மடிப்புக்குள் செருகினால் போதும்.

பிறகு வேலையைப் பிரியுங்கள். வீட்டிலேயே பத்து நிமிடத்தில் முடிவது ஒரு பக்கம்: பட்டன், கொக்கி, ஓரம் பிரிந்த தையல். தையற்காரரிடம் போக வேண்டியது இன்னொரு பக்கம். ரவிக்கை இறுக்கம் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல தையற்காரர் பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் அளவுக்குத் துணி விட்டு, வரிசையாக இரண்டு மூன்று தையல் போட்டிருப்பார். ரவிக்கையைப் புரட்டிப் பாருங்கள். அந்த வரிசைகள் இருந்தால் உள்பக்கத் தையலைப் பிரித்துவிட்டாலே உடம்புச் சுற்றில் ஓரிரண்டு அங்குலம் கிடைக்கும். கைச் சுற்றிலும் அப்படியே. பிரிக்கத் துணியே விடாமல் ஒட்ட வெட்டியிருந்தால் அந்த ரவிக்கையை விட்டுவிடலாம். புடவைக்கு வேறு ரவிக்கை பொருத்துங்கள். கறுப்பு, மெரூன், பொன்னிறம் மூன்றிலும் நன்றாகப் பொருந்துகிற ரவிக்கை ஒவ்வொன்று இருந்தால் பாதிப் புடவைகளுக்கு அது போதும்.

உள்பாவாடையும் அப்படித்தான். மாம்பழ மஞ்சளுக்கு ஒன்று, கிளிப்பச்சைக்கு ஒன்று என்று நிறத்துக்கு நிறம் வாங்கிச் சேர்த்தால் அவையே ஒரு தட்டை விழுங்கிவிடும். துணி மெல்லியதாக, உள்ளிருப்பது தெரிவதாக இருந்தால் மட்டுமே நிறம் பொருந்த வேண்டும். கெட்டிப் பருத்திக்கும் பட்டுக்கும் அதே சாயலில் ஓர் அடர்நிறப் பாவாடை போதும்.

தையற்காரரிடம் கொடுப்பதற்குத் தேதி வையுங்கள்: பை கட்டியதிலிருந்து 15 நாள். அதற்குள் கொடுக்காத துணி, உங்களுக்கு வேண்டாத துணிதான். கூலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரவிக்கை தைக்கும் கூலியைவிடக் குறைவான விலையில் வாங்கிய, மனதுக்கும் பிடிக்காத புடவைக்கு ரவிக்கை தைப்பதில் பொருளில்லை. முறை செய்கிறவர்கள் வைத்துக் கொடுத்த புடவைகள் பெரும்பாலும் இந்த வகையில் வரும். அவற்றை மடிப்புக் கலையாமல் அப்படியே உடுத்துகிறவர்கள் கைக்குச் சேர்ப்பதுதான் கொடுத்தவர்களுக்கும் மரியாதை.

அறிகுறி: அடுக்கி ஒரு வாரத்தில் பழையபடி கலைந்துவிடுகிறது

அன்றாடத் துணி எட்டாத இடத்திலும், ஆண்டுக்கு இரண்டு முறை எடுப்பது கண்ணெதிரேயும் இருந்தால் இப்படித்தான் ஆகும். தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கிற தட்டுகள்தான் பீரோவின் நல்ல இடம். அங்கே பட்டுப் புடவை இருக்கக் கூடாது. நைட்டி, லுங்கி, அலுவலகச் சட்டை, பள்ளிச் சீருடை இருக்க வேண்டும். பட்டு மேல்தட்டுக்கு. போர்வை, தலையணை உறை அடித்தட்டுக்கு.

அடுத்த காரணம் இரண்டு வரிசை. ஒன்றரை அடி ஆழத்தில் சட்டையைக் குறுக்காக மடித்து முன்னும் பின்னும் அடுக்கினால், பின்னால் இருப்பதை எடுக்க முன்னால் இருப்பதைக் கலைத்தே ஆக வேண்டும். ஒரே வரிசையாக, மடிப்பின் வட்ட ஓரம் வெளியே தெரியும்படி வையுங்கள். பின்னால் மிஞ்சும் நான்கு ஐந்து அங்குலம் காலியாக இருக்கட்டும். காற்றுக்கு அந்த இடம் வேண்டும். உள்ளாடை, காலுறை, கைக்குட்டை, பனியன் இவற்றை அடுக்கவே வேண்டாம். பழைய செருப்புப் பெட்டியை 4 அங்குல உயரத்துக்கு வெட்டி அதில் நிற்க வைத்தால் ஒன்றை உருவும்போது மற்றது குலையாது.

எத்தனை உருப்படி போதும்? இரண்டு துவைப்புக்கு நடுவே உள்ள நாள், மழைக்காலத்தில் காய ஆகும் நாள், கையிருப்பாக இரண்டு. இவற்றைக் கூட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை இயந்திரம் ஓடும் வீட்டில் 4+2+2, ஆக எட்டு. எட்டு அலுவலக உடை, எட்டு உள்ளாடைச் செட். வியர்வையால் ஒரு நாளைக்கு இரண்டு தேவைப்படுகிறவர்கள் உள்ளாடையை மட்டும் இரட்டிப்பாக்கிக் கொள்ளலாம். நைட்டியும் துண்டும் எட்டு வேண்டியதே இல்லை. தினம் துவைத்துக் கொடியில் போடும் வீட்டுக்கு ஐந்தே போதும். இந்த எண்ணிக்கைக்குமேல் இருக்கும் அன்றாடத் துணியில் எது நைந்ததோ அதிலிருந்து கழிக்கத் தொடங்குங்கள்.

அறிகுறி: பீரோவில் இடமிருந்தும் நாற்காலிமேல் துணி மலை

நாற்காலியில் கிடப்பவை ஒருமுறை போட்டுக் கழற்றியவை: அழுக்குக் கூடைக்குப் போகும் அளவுக்கு அழுக்கில்லை, துவைத்த துணியோடு சேர்க்கவும் மனமில்லை. இடம் ஒதுக்காததால்தான் நாற்காலியில் சேர்கிறது. கதவுக்குப் பின்னால் ஆளுக்கு மூன்று ஆணி அல்லது கொக்கி அடியுங்கள். நான்காவது வந்தால் ஏதாவது ஒன்று அழுக்குக் கூடைக்குப் போக வேண்டும். வியர்வை பட்ட துணியைப் பீரோவுக்குள் தொங்கவிடவே கூடாது. அடுத்து வருகிற பூசணத்துக்கும் பூச்சிக்கும் பெரும்பாலும் அதுதான் வாசல்.

அறிகுறி: மக்கிய வாடை, வெள்ளையாகப் பூசணம், கறுப்புப் புள்ளி

சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் ஐப்பசி, கார்த்திகையில் இது வராத வீடு குறைவு. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் அது எளிதாகத் தாண்டும். நெருக்கி அடைத்த பீரோவில் காற்று ஓடாததால் ஈரம் துணிக்கு நடுவிலேயே தங்குகிறது. துணியைக் குறைப்பது இங்கே அழகுக்காக அல்ல, துணியைக் காப்பாற்றுவதற்காக.

வாடை எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள். ஒவ்வொரு தட்டிலும் நடுவிலிருந்து ஒரு துணியை உருவி மோந்து பாருங்கள். ஒரே தட்டில் மட்டும் வாடை என்றால் அங்கே காயாத துணி ஒன்று இருக்கிறது. காலர், பேண்ட் இடுப்புப் பட்டை, ஜீன்ஸ் பாக்கெட், துண்டின் ஓரம் இவை கடைசியில் காயும். பின் சுவரை ஒட்டிய துணி மட்டும் வாடை அடித்தால் குற்றம் சுவரில். குளியலறைச் சுவரையோ மழை அடிக்கும் வெளிச்சுவரையோ ஒட்டிப் பீரோ நிற்கும். மூன்று நான்கு அங்குலம் முன்னால் இழுத்து வையுங்கள். எல்லாத் தட்டிலும் வாடை என்றால் பீரோ திறக்கப்படுவதே இல்லை என்று பொருள்.

செய்ய வேண்டியது இதுதான். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து முழுவதும் காலி செய்யுங்கள். பூசணம் பூத்த துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள், வித்து பறந்து மற்றத் துணியில் படியும். முகக்கவசம் போட்டுக்கொண்டு மாடியில் உதறி, மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். பருத்தியை வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். பட்டை வெயிலில் போடக் கூடாது. நிழலில் காற்றாட விட்டு உலர்சலவைக்குக் கொடுங்கள். வெள்ளைப் பொடி போலிருப்பது துவைத்தால் போய்விடும். கறுப்புப் புள்ளி இழைக்குள் இறங்கிய நிறம். வெள்ளைப் பருத்தியில் ஆக்ஸிஜன் வகைக் கறைநீக்கியில் ஊறவைத்தால் மங்கும், நிறத் துணியில் பெரும்பாலும் நிற்கும். அத்துணியைக் கழித்துவிடுவது நல்லது.

பீரோவின் உட்புறத்தைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக்கு எதிரே ஒரு நாள் முழுவதும் திறந்து வையுங்கள். தட்டில் விரித்த செய்தித்தாளை எடுத்துவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மை ஒட்டும், பூச்சிக்கும் தீனி. அதற்குப் பதில் பழைய வேட்டியைக் கிழித்து விரிக்கலாம்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துவைத்தும் போடலாம்.

ஈரம் உறிஞ்சும் டப்பா வாங்கினால் அடித்தட்டில் ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள். கால்சியம் குளோரைடு வகை டப்பாவில் சேரும் தண்ணீர் இரும்பை அரிக்கும். கவிழ்ந்தால் பீரோவின் அடித்தளமே துருப்பிடிக்கும். சிலிகா ஜெல் பொட்டலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எதை வைத்தாலும், மழைக்காலத்தில் கொடியிலிருந்து எடுத்த துணியை மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் பரப்பிவிட்டு வைப்பதற்கு அது ஈடாகாது. இஸ்திரி போட்ட துணியையும் சூடு ஆறாமல் அடுக்கக் கூடாது. அந்த ஆவி உள்ளேயே தங்கும்.

அறிகுறி: பட்டில் ஜரிகை கறுக்கிறது, மடிப்பில் வெடிக்கிறது

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பது போலவே, காற்றிலும் ரப்பரிலும் இருக்கும் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து ஜரிகையையும் கறுக்க வைக்கும். புடவையை ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது, பிளாஸ்டிக் உறையில் ஜிப் மூடி வைப்பது, உடுத்திக்கொண்டே வாசனைத் திரவியம் அடிப்பது, வியர்வையோடு மடித்து வைப்பது ஆகிய நான்கும்தான் வழக்கமான காரணங்கள். பிளாஸ்டிக் உறை கடையிலிருந்து வீடு வரும்வரைக்கு மட்டும். உள்ளே போன ஈரத்தை அது வெளியே விடாது.

உடுத்திய பட்டை அன்றே மடிக்காமல் நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் காற்றாடப் போடுங்கள். ஜரிகை உள்பக்கம் வரும்படி மடித்து, நடுவே மல் துணியோ பழைய வேட்டித் துண்டோ வைத்து, அதே துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்பு விழுந்த இடத்தில் திரும்ப மடிப்பு விழாதபடி மாற்றி மடியுங்கள். ஒரே கோட்டில் பத்து ஆண்டு மடிந்தே கிடந்தால் அந்தக் கோட்டில் இழை அறுந்துவிடும். அதன்மேல் இன்னும் பத்துப் புடவையின் கனம் ஏறினால் சீக்கிரமே அறும். ஆகவே கனப் பட்டில் ஓர் அடுக்குக்கு ஐந்துக்குமேல் வைக்க வேண்டாம், அதிகக் கனம் உள்ளது அடியில். ஹேங்கரில் தொங்கவிட்டால் கம்பி தாங்கும் அந்த ஒரு மடிப்பிலேயே முழுக் கனமும் விழுகிறது. கனத்த பார்டர், கனத்த முந்தானை உள்ள பட்டுக்கு ஹேங்கர் ஆகாது.

ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கிய புடவையை என்ன செய்வது? உடுத்தினால் கொசுவம் சொருகும் இடத்தில் நீளக் கிழியும். விரித்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கிழிசல் ஒரு மடிப்பில் மட்டும் என்றால் அடியில் வலைத்துணி கொடுத்துப் பிடித்துத் தைக்கலாம். மடிப்புக்கு மடிப்பு விட்டிருந்தால் அந்தப் பட்டு ஓய்ந்துவிட்டது. பார்டரையும் முந்தானையையும் வெட்டி எடுத்துப் பாவாடைக்கோ ரவிக்கைக்கோ பயன்படுத்தலாம். அல்லது பழைய பட்டு வாங்குகிற கடைக்குக் கொடுக்கலாம். அவர்கள் தருகிற விலை ஜரிகையில் உள்ள வெள்ளிக்குத்தான். கொடுக்குமுன் ஓர் இழையை உருவிப் பாருங்கள். உலோகத்தைச் சுரண்டினால் உள்ளே பட்டு நூல் இருக்க வேண்டும். அந்த நூலைக் கொளுத்தினால் மயிர் பொசுங்கும் வாடை வந்து சாம்பல் நொறுங்கும். உருகி மணிபோல் உறைந்தால் பாலியஸ்டர் நூலில் சுற்றிய போலி ஜரிகை. அதற்கு விலை கிடைக்காது.

அறிகுறி: துணியில் சின்னச் சின்ன ஓட்டை

எல்லா ஓட்டைக்கும் பூச்சி காரணமில்லை. டி-ஷர்ட்டின் முன்பக்கம், தொப்புளுக்கு நேராக மட்டும் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் இருந்தால் அது பெல்ட் கொக்கியும் ஜீன்ஸ் பட்டனும் சமையல் மேடை விளிம்பும் உரசியது. அதற்குப் பூச்சி மருந்து வைத்துப் பயனில்லை. கொக்கியும் ஜிப்பும் போடாமல் இயந்திரத்தில் போட்டாலும் இழை இழுத்து ஓட்டை விழும்.

கம்பளி, பட்டு இரண்டில் மட்டும் ஒழுங்கற்ற ஓட்டையும், அரிசிபோல் சின்னக் கூடும் இருந்தால் அந்துப்பூச்சியின் புழு. அது மயிரையும் பட்டையும் தின்னும். அழுக்கும் வியர்வையும் பட்ட இடத்தை முதலில் தேடும். கஞ்சி போட்ட பருத்தி வேட்டி, காட்டன் புடவை இவற்றின் மேற்பரப்பு அங்கங்கே சுரண்டியதுபோல் மெலிந்திருந்தால் ராமபாணப் பூச்சி. அதற்கு வேண்டியது கஞ்சியின் மாவு. எனவே மாதக்கணக்கில் வைக்கப்போகிற துணிக்குக் கஞ்சி போடாதீர்கள், உடுத்துமுன் போட்டுக்கொள்ளலாம். அந்து விழுந்த கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து, பிறகு உதறிச் சுத்தம் செய்யுங்கள்.

பாச்சை உருண்டை பற்றிக் கொஞ்சம் கவனம் தேவை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழ்நோக்கி இறங்கும். ஆகவே மேல்தட்டில், ஒரு சின்னத் துணி முடிச்சில் கட்டி, ஜரிகையும் பட்டும் தொடாத மூலையில் வையுங்கள். கற்பூரத்தையும் அதையும் ஒரே முடிச்சில் கட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நம் கோடையில் இளகி எண்ணெய்க் கறை விழும். இன்னொன்று மிக முக்கியம். பாச்சை உருண்டை வைத்த பீரோவிலிருந்து எடுத்த பழைய புடவையில் பச்சைக் குழந்தைக்குத் தூளி கட்டாதீர்கள், குழந்தையை அதில் சுற்றாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இந்த உருண்டையில் உள்ள நாப்தலின் ஆவியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரலாம். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிந்திருக்காது. குழந்தைத் துணி இருக்கும் பீரோவில் அந்த உருண்டையே வேண்டாம். நன்றாகக் காய்ந்த வேப்பிலை, வசம்பு போதும். வேப்பிலை சருகாக நொறுங்கும்வரை காய வேண்டும். பச்சையாக வைத்தால் அதுவே ஈரமும் கறையும்.

அறிகுறி: துருக்கறை, மஞ்சள் கறை, கறுப்பாக உதிரும் தோல்

துருக்கறை தட்டின் ஓரத்திலிருந்தோ இரும்புக் கம்பி ஹேங்கரிலிருந்தோ வருகிறது. வெள்ளைப் பருத்தியில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து அலசுங்கள். குளோரின் பிளீச்சிங் போட்டால் துரு இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். பீரோவில் துருப்பிடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு, அதன்மேல் எனாமல் பெயிண்ட். வாடை போகும்வரை ஒரு வாரம் துணி வைக்க வேண்டாம்.

வெள்ளைச் சட்டையின் அக்குளில் மஞ்சள் படிவது வியர்வையும் வியர்வை தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து. இதற்கும் குளோரின் ஆகாது. ஆக்ஸிஜன் வகைக் கறைநீக்கியில் வெதுவெதுப்பான தண்ணீரில் சில மணி நேரம். போகாவிட்டால் கழித்துவிடுங்கள், வீட்டில் போடலாம் என்று வைத்தால் அந்த வரிசைதான் வளரும்.

ரெக்ஸின் கைப்பை, பெல்ட், ஜாக்கெட் கறுப்புச் செதிலாக உதிர்ந்து மற்றத் துணியில் ஒட்டுகிறது என்றால், ஈரக் காற்றில் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்துவிட்டது. இதற்குச் சரிசெய்யும் வழி கிடையாது. விலை எதுவானாலும் அன்றே வெளியேற்றுங்கள்.

அறிகுறி: எதைத் தொட்டாலும் கொடுக்க மனம் வரவில்லை

அப்படியானால் தொடங்கிய இடம் தவறு. கூறைப் புடவையிலும் அம்மாவின் புடவையிலும் தொடங்கினால் யாருக்கும் கை வராது. காலுறை, பனியன், எலாஸ்டிக் தளர்ந்த உள்ளாடை, நிறம் போன லெகின்ஸ் என்று நினைவேதும் ஒட்டாத துணியில் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் முடிவெடுக்கும் பழக்கம் வந்துவிடும். குழந்தைகளின் சிறுத்துப்போன சீருடையை ஜூனில் பள்ளி திறக்குமுன் அடுத்த வகுப்புக்கு வரும் பிள்ளைக்குக் கொடுத்தால் முழு ஆண்டும் பயன்படும். ஆகஸ்டில் கொடுத்தால் பாதிப் பயன்.

மறைந்தவர்களின் துணிக்குக் காலக்கெடு வைக்காதீர்கள். முதல் சில மாதங்களில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றாவது வைத்திருக்கலாமே என்று ஏங்குகிறவர்கள் உண்டு. பருத்தித் துணியில் சுற்றி, பெயரும் நாளும் எழுதி, பரணில் அல்ல, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். பரணில் வெக்கையும் எலியும் அதைக் கெடுத்துவிடும். ஓராண்டு கழித்து உடன்பிறந்தவர்கள் எல்லோரும் கூடும் நாளில் பிரித்து, யாருக்கு எது வேண்டும் என்று கேட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடுத்தும் நிலையில் இருப்பதை உடுத்துவது நல்லது. நைந்த பருத்திப் புடவைகள் நான்கைந்தைச் சேர்த்து ஒரு போர்வையாகத் தைத்தால் ஒரு தட்டு காலியாகும், புடவையும் வீட்டில் இருக்கும்.

அறிகுறி: கழித்த துணி பையிலேயே கிடக்கிறது

எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் கட்டிய பை வாசலைத் தாண்டாது. கழிக்கும்போதே போகுமிடம் பார்த்து மூன்று பையாகப் பிரியுங்கள்.

முதல் பை, துவைத்து, பட்டன் தைத்து, உங்கள் தங்கைக்குக் கூச்சமில்லாமல் கொடுக்கக்கூடிய துணி. இது தொண்டு அமைப்புகளுக்கும், அன்புச் சுவர் (வேண்டாததை வைத்துவிட்டுப் போக, தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் பொது இடம்) இருக்கும் ஊர்களில் அங்கேயும் போகலாம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர மாவட்டங்களுக்கு லாரி லாரியாக வந்த பழந்துணி, வாங்க ஆளில்லாமல் சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. வீட்டை இழந்தவர்களுக்குக் கிழிசலையும் கறைபட்டதையும் நீட்டுவது உதவி ஆகாது. உள்ளாடை இந்தப் பையில் சேரவே கூடாது.

இரண்டாவது, முழுசாக இருந்தும் கொடுக்கும் அளவுக்குப் புதிதில்லாத பேண்ட், சட்டை, சிந்தடிக் புடவை. தெருவில் பழந்துணிக்குப் பாத்திரம் தருகிறவர்கள் இவற்றை எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வரும் கிழமை தெரிந்தால் முந்தின நாளே வாசலருகே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, கிழிந்தது. பருத்தியாக இருந்தால் வீட்டிலேயே வேலை இருக்கிறது: வேட்டி வடாம் காயப்போட, பனியன் துடைக்க, துண்டு மிதியடிக்கு. ஆனால் இதற்கும் அளவு உண்டு. பத்துத் துடைக்கும் துணிக்குமேல் சேர்த்தால் அதுவே புதிய குப்பை. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, துடைக்க உதவாது. எது எது என்று தெரியாவிட்டால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். அந்த உருகும் துணியைத்தான் போகியன்று தெருவில் எரிக்கிறோம். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. போகியை ஒட்டி மாநகராட்சி ஊழியர்கள் பழைய பொருள்களைத் தனியாக வந்து வாங்கிக்கொள்கிறார்கள். மூன்றாவது பையில் மிஞ்சியதை அவர்களிடம் கொடுக்கலாம்.

பையைக் கட்டுமுன் எல்லாப் பாக்கெட்டிலும் கைவிட்டுப் பாருங்கள். புடவை முந்தானையில் ஊக்கு குத்தியிருக்கிறதா, ரவிக்கைத் தோளில் தங்கச் சேஃப்டி பின் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். பிறகு பையின்மேல் மார்க்கரால் போகுமிடத்தையும் தேதியையும் எழுதி, பீரோ இருக்கும் அறையில் வைக்காமல் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.